கையில பிடிச்சா கிரிப்... காலை விரிச்சா ட்ரைபாட்! வயர்லெஸ் ஷூட்டிங் கிரிப் வாங்கப்போறீங்களா?

சேமிச்ச காசில் வ்லாக் எடுக்க ஒரு குட்டி கேமரா வாங்கியாச்சு. பில் போடுற நேரத்தில் கடைக்காரர் இன்னொரு பெட்டியையும் எடுத்து வைப்பார். உள்ளே ஒரு கறுப்புக் கைப்பிடி. மேலே கேமராவை மாட்டலாம், கட்டைவிரல் படுற இடத்தில் ரெக்கார்டு பட்டன், போட்டோ பட்டன், ஜூம் பட்டன். கைப்பிடியைப் பிரித்தால் மூன்று கால்கள். மேஜை மேல் குட்டி ட்ரைபாடாக நிற்கும். கேபிள் எதுவும் கிடையாது, எல்லாம் ப்ளூடூத்.

பார்த்ததுமே ஆசை வரும். ஆனா, இது எல்லா கேமராவுக்கும் பொருந்தாது, எல்லா எடையையும் தாங்காது, எல்லா வீடியோவுக்கும் உதவாது. இந்த மூணையும் தெரிஞ்சுக்காம வாங்கினா, ஒண்ணு பீரோவில் தூங்கும். இல்லைன்னா கேமராவோடு சேர்ந்து கீழே விழும்.

இந்த வகையில் அதிகம் பேசப்படுறது சோனியின் ஜிபி-விபிடி2பிடி. பேர் வாயில் நுழையாது, அதனால எல்லாருக்குமே இது 'சோனி கிரிப்'தான். இதற்கு முன்னாடி வந்த ஜிபி-விபிடி1 மாடலில் கிரிப்பிலிருந்து ஒரு வயர் கிளம்பி கேமராவின் பக்கவாட்டில் சொருகும். அந்த வயர் ஒரு போர்ட்டை அடைச்சுக்கும், ஸ்கிரீனைத் திருப்பும்போது இடிக்கும். புது மாடலில் வயர் போயிடுச்சு, ப்ளூடூத் வந்துடுச்சு. பழைய இன்ஃப்ராரெட் ரிமோட்டை கேமராவின் சென்சாரை நோக்கிக் காட்டணும், வெயிலில் தகராறு செய்யும். ப்ளூடூத்துக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை.

முதல் கேள்வி: உங்க கேமரா இதுகூடப் பேசுமா?

ஆன்லைனில் 'ப்ளூடூத் கிரிப், ட்ரைபாட்' என்று தேடினால் சில நூறு ரூபாயிலிருந்தே வரிசை கட்டி நிற்கும். அதில் பெரும்பாலானவை செல்போனுக்கானவை. அந்த ரிமோட் செய்யும் வேலை ரொம்ப சிம்பிள்: போனின் வால்யூம் பட்டனை நீங்க அழுத்தின மாதிரி ஒரு சிக்னல் அனுப்பும். போன் கேமரா ஆப் அதை 'கிளிக்' என்று எடுத்துக்கும். கேமராவுக்கு இந்த பாஷை புரியாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் கேமராவுக்கென்று தனி ரிமோட் முறை வைத்திருக்கிறது. அதனால சோனி கிரிப்பை கேனானில் மாட்டலாம். ஸ்க்ரூ ஒண்ணுதான், நல்லா நிக்கும். பட்டன் மட்டும் வேலை செய்யாது.

சோனிக்குள்ளேயும் எல்லா மாடலும் செட் ஆகாது. இசட்வி-1, இசட்வி-இ10, ஏ6400 போன்றவை இந்த கிரிப்போடு வேலை செய்யும். ஆனா, 2014-ல் வந்து இன்னமும் செகண்ட் ஹேண்டில் கைமாறிக்கிட்டே இருக்கிற ஏ6000-ல் ப்ளூடூத்தே கிடையாது. வைஃபை இருக்கே, அதுவே போதாதா என்று கேட்காதீங்க, போதாது. கடைக்காரர் "எல்லா சோனிக்கும் வரும் சார்" என்று சொன்னாலும், கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்க மாடல் நம்பர் இருக்கா என்று பார்த்துட்டு காசைக் கொடுங்க.

கேனான்காரர்களுக்கு ஹெச்ஜி-100டிபிஆர் என்ற ட்ரைபாட் கிரிப் இருக்கு. இதில் பிஆர்-இ1 என்ற குட்டி ரிமோட் கைப்பிடியில் செருகியிருக்கும். வேணும்னா தனியா கழட்டிக்கலாம். சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமா படுது. சோனியில் பட்டன்கள் ட்ரைபாட்டிலேயே பதிந்திருக்கு. மேஜையில் நிக்க வெச்சுட்டு, நாலடி தள்ளி உட்கார்ந்து பேசணும்னா, எழுந்து போய்த்தான் பட்டனை அழுத்தணும். கேனானில் ரிமோட்டை உள்ளங்கையில் மறைச்சுக்கிட்டே ரெக்கார்டிங்கை ஆரம்பிக்கலாம். நடந்துகிட்டே பேசுறவங்களுக்கு சோனி வசதி. உட்கார்ந்து பேசுறவங்களுக்கு கேனான் முறை வசதி. நிக்கானில் எம்எல்-எல்7 என்ற ப்ளூடூத் ரிமோட்டைத் தனியா வாங்கி, ஏதாவது ஒரு கிரிப்போடு சேர்த்துப் பயன்படுத்துறாங்க.

பேரிங் - ஒரு தடவைதான், ஆனா பொறுமை வேணும்

கேமராவின் மெனுவில் ப்ளூடூத்தை ஆன் செய்து 'பேரிங்' போட்டுட்டு, கிரிப்பில் கையேடு சொல்லும் ரெண்டு பட்டன்களைச் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்கணும். ஒருமுறை சேர்ந்துட்டா, அடுத்த தடவை கேமராவை ஆன் செய்ததுமே ரெண்டும் கண்டுபிடிச்சுக்கும்.

'நேத்து வேலை செஞ்சுது, இன்னிக்கு செய்யலை' என்ற புலம்பலுக்கு மூணு காரணங்கள்தான் இருக்கும். ஒண்ணு, கிரிப்பில் இருக்கும் லாக் சுவிட்ச். பைக்குள்ளே தானா அழுந்திடக் கூடாதுன்னு வெச்சது; அதைத் தள்ளிட்டு மறந்திருப்பீங்க. ரெண்டாவது, மெனுவில் 'ப்ளூடூத் ரிமோட் கன்ட்ரோல்' என்று தனியா ஓர் ஆப்ஷன் இருக்கும், ப்ளூடூத் ஆனில் இருந்தாலும் இது ஆஃபில் இருந்தா பட்டன் செத்துப்போன மாதிரிதான். சில மாடல்களில், போனிலிருந்து ஜிபிஎஸ் இடத்தகவலை வாங்கும் வசதியும் இந்த ரிமோட்டும் ஒரே நேரத்தில் ஓடாது. மூணாவது, பேட்டரி.

இன்னொரு ஏமாற்றம் ஜூம் பட்டனில் வரும். அது பவர் ஜூம் லென்ஸில்தான் லென்ஸை நகர்த்தும். இசட்வி-இ10 கூட வரும் 16-50 கிட் லென்ஸ் பவர் ஜூம். அதில் அழகா வேலை செய்யும். கையால் வளையத்தைத் திருப்புற சாதாரண ஜூம் லென்ஸ் மாட்டியிருந்தா, கிரிப்பின் பட்டனால் அந்த லென்ஸ் அசையாது. டிஜிட்டல் ஜூமை ஆன் செய்திருந்தா படத்தை மட்டும் பெருசாக்கிக் காட்டும்.

அந்தக் குட்டி பேட்டரியை அலட்சியமா விடாதீங்க

சோனி கிரிப், கேனான் ரிமோட், நிக்கான் ரிமோட் மூணுக்கும் ஒரே பேட்டரிதான்: சி.ஆர். 2032. கடிகாரக் கடையில், கார் சாவிக்கு பேட்டரி போடுற கடையில் எல்லாம் கிடைக்கும். பேரிலேயே அளவு இருக்கு. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட் லித்தியம்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தா இதுதான் இந்தப் பொருளிலேயே ஆபத்தான பாகம். நாணயம் மாதிரி பளபளன்னு இருக்கும், குழந்தை வாயில் போட்டுக்கும். இந்த 20 மில்லிமீட்டர் அளவு, குழந்தையின் உணவுக்குழாயில் சரியா சிக்கிக்கும் அளவு. ஈரத்தில் பட்டதும் மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் காரம் உருவாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிச்சுப் புண்ணாக்கிடும். ஆரம்பத்தில் அறிகுறியே தெரியாமலும் இருக்கலாம். விழுங்கியிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யாம, உடனே எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, 108-ஐக் கூப்பிடுங்க. சார்ஜ் தீர்ந்துபோன பேட்டரியும் இதே வேலையைச் செய்யும். அதனால பழசைக் கழட்டி மேஜையில் வைக்காம, ரெண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி எட்டாத இடத்தில் வைங்க. புதுசு போட்டதும் மூடி சரியா பூட்டியிருக்கான்னு நகத்தால் தள்ளிப் பாருங்க.

எடைக் கணக்கு: ஒரு நிமிஷம் கூட்டிப் பாருங்க

சோனி கிரிப் தாங்குற அதிகபட்ச எடை 1.5 கிலோ. கேனானுடையது 1 கிலோ. கேமரா விளம்பரத்தில் போடுறது பாடியின் எடை மட்டும். லென்ஸ், மைக், சின்ன எல்இடி லைட் எல்லாம் சேர்ந்துதான் மேலே உட்காரும்.

இசட்வி-1 வெறும் 294 கிராம். கவலையே இல்லை. இசட்வி-இ10, பேட்டரி, கார்டோடு 343 கிராம்; கிட் லென்ஸ் 116 கிராம்; மொத்தம் 459. இதுவும் சௌகரியம்தான். ஆனா, கல்யாண வீட்டு போட்டோகிராபர்கள் நிறைய பேர் வைத்திருக்கும் ஏ7 மார்க் 3-ஐ எடுத்துக்கோங்க. பாடி 650 கிராம். அதில் 24-70 ஜி மாஸ்டர் முதல் வெர்ஷன் லென்ஸை மாட்டினா 886 கிராம். மொத்தம் 1,536. மைக் மாட்டுறதுக்கு முன்னாடியே எல்லை தாண்டியாச்சு. வாங்கின அன்னிக்கே உடைஞ்சுடும்னு சொல்லலை. ஆனா தலைப்பகுதி மெல்லச் சாயும். நீங்க முகத்துக்கு வெச்ச ஃப்ரேம், பேசி முடிக்கும்போது சட்டை பட்டனில் நிற்கும்.

எல்லைக்குள் இருந்தாலும் முன்பாரம் ஒரு பிரச்னை. குட்டி ட்ரைபாட்டின் கால்கள் குட்டை, அதனால அது பிடிக்கும் வட்டமும் சின்னது. நீளமான லென்ஸ் அந்த வட்டத்துக்கு வெளியே மூக்கை நீட்டினா, மொத்தமும் முன்னாடி கவிழும். இதுக்கு ஒரே வைத்தியம், மூணு காலில் ஒண்ணு லென்ஸுக்கு நேர் கீழே, அதே திசையில் வர்ற மாதிரி வைக்கணும். ரெண்டு கால் முன்னாடி, ஒண்ணு பின்னாடி என்று வைக்கிறதுதான் பலருக்கும் கை தானா செய்யுற வேலை. அதை மாத்திப் பழகுங்க. பக்கவாட்டில் திறந்திருக்கும் ஸ்கிரீன் காத்தில் பாய்மரம் மாதிரி வேலை செய்யும் என்பதால், மொட்டை மாடியில் வெச்சா ஒரு கை பக்கத்திலேயே இருக்கட்டும்.

கேமரா அடியில் இருக்கும் துளை உலகம் முழுக்க ஒரே அளவு: கால் இன்ச் ஸ்க்ரூ, ஒரு இன்ச்சுக்கு 20 மரை. கையால் இறுக்கினாலே போதும். நாணயம், ஸ்பேனர் எல்லாம் வெச்சு முறுக்கினா மரை போயிடும். பல சின்ன கேமராக்களில் பேட்டரி மூடியும் அடியிலேயே இருக்கு. கிரிப்பின் தட்டு அதை மறைச்சுடும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே ஃபுல் சார்ஜ் பேட்டரி, காலி மெமரி கார்டு போட்டுட்டு மாட்டுங்க.

நடந்துகிட்டே பேசும்போது...

இது கிம்பல் இல்லை. இதை வாங்குற பலரும் நினைச்சு ஏமாறுற இடம் இது. கிம்பலுக்குள் மோட்டார் இருக்கும், கை ஆடினா எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிக்கும். கிரிப்பில் அப்படி எதுவும் கிடையாது. இது செய்யுறது, கேமராவை விரல் நுனியால் கிள்ளிப் பிடிக்காம முழு உள்ளங்கையால் பிடிக்க வைக்கிறதும், பட்டனுக்காகக் கையைக் கேமரா மேல் கொண்டுபோகாம இருக்க வைக்கிறதும்தான். அதுவே பாதி ஆட்டத்தைக் குறைக்கும். மீதி ஆட்டத்துக்கு உங்க உடம்புதான் பொறுப்பு. முழங்கையைக் கொஞ்சம் மடக்கி விலாவோடு ஒட்டி வைங்க. முழங்காலை லேசா மடக்கி, குதிகால் முதல்ல தரையில் படுற மாதிரி சின்னச் சின்ன அடியா நடங்க. தலையில் தண்ணிக்குடம் இருந்தா எப்படி நடப்பாங்களோ, அந்த நடை.

இன்னொரு கணக்கு இருக்கு. நீட்டின கைக்கும் முகத்துக்கும் நடுவே சுமார் 60 சென்டிமீட்டர்தான் தூரம். 24 எம்எம் லென்ஸில், அந்தத் தூரத்தில் ஃப்ரேமுக்குள் 90 சென்டிமீட்டர் அகலம் அடங்கும். முகம், தோள், பின்னாடி கொஞ்சம் ஊர். சரியா இருக்கும். ஆனா இசட்வி-இ10-ல் 4கே, விநாடிக்கு 30 ஃப்ரேம் என்று வெச்சா, கேமரா படத்தின் ஓரங்களை வெட்டிடும், 1.23 மடங்கு கிராப். அதே 60 சென்டிமீட்டரில் இப்போ அகலம் 73 சென்டிமீட்டராகச் சுருங்கிடும். நடுக்கத்தைக் குறைக்கும் 'ஆக்டிவ்' மோடையும் போட்டா இன்னும் வெட்டும். அப்புறம் வீடியோவில் முகம்தான் ஊர், ஊரைக் காணோம். இசட்வி-1 வந்த 2020-லிருந்தே யூசர்கள் சொன்ன குறை இது. 2023-ல் வந்த இரண்டாம் வெர்ஷனில் லென்ஸை 18 எம்எம்மில் தொடங்கும்படி மாத்தினாங்க. உங்ககிட்ட இருக்கிறது 24 எம்எம் என்றால், நடக்கும்போது ஃபுல் ஹெச்டி போதும்னு வெச்சுக்கலாம். யூடியூபில் போனில் பார்க்குறவங்களுக்கு வித்தியாசம் பெருசா தெரியாது.

செல்ஃபி வீடியோவுக்கு கிரிப்பின் தலையை அப்படியே அரை வட்டம் திருப்பிக்கணும். அப்போதான் லென்ஸ் உங்களைப் பார்க்கும்போது பட்டனும் உங்க கட்டைவிரலுக்குக் கீழே வரும். இதைச் செய்யாம மணிக்கட்டை முறுக்கிப் பிடிச்சு, அஞ்சு நிமிஷத்தில் கை வலிக்குதுன்னு தூக்கிப் போட்டவங்க நிறைய.

மேஜை மேல் வெச்சா மூக்குதான் தெரியும்

கால் விரிச்சு நிக்கும்போது இதன் உயரம் ஒரு சாணைவிடக் குறைவு. டைனிங் டேபிளில் வெச்சு எதிரே உட்கார்ந்தா, கேமரா உங்க தாடையைப் பார்த்துக்கிட்டு இருக்கும். கண் மட்டத்துக்குக் கொண்டுவர அடியில் ஏதாவது கொடுக்கணும். கவிழ்த்த எவர்சில்வர் டப்பா வழுக்கும், வேணாம். கனமான புத்தகங்கள் நல்லது. பழைய தீபாவளி மலர்கள் நாலைந்து அடுக்கினா கச்சிதம்.

சமையல் வீடியோவுக்கு இதை நம்பி வாங்காதீங்க. வாணலிக்கு நேர் மேலேயிருந்து எடுக்கணும்னா, கை நீண்ட வேற ஸ்டாண்டுதான் வேணும். குட்டி ட்ரைபாடை அடுப்பு பக்கத்தில் வெச்சா பக்கவாட்டுக் காட்சிதான் கிடைக்கும், கூடவே தாளிக்கும்போது லென்ஸில் எண்ணெய்.

இது நிஜமாவே ஜெயிக்குற இடம் தரை. வாசலில் கோலம் போடும்போது புள்ளிக்குப் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. மாவு விழுறது, விரல் நகருறது எல்லாம் கண்ணெதிரே நடக்கும். தவழும் குழந்தை, தெருநாய், பூக்கடைக் கூடை எல்லாமே அதனதன் மட்டத்தில் கிடைக்கும். பெரிய ட்ரைபாடால் இவ்வளவு கீழே இறங்க முடியாது. பட்டனை அழுத்தும்போது ட்ரைபாட் லேசா அதிரும்; போட்டோவுக்கு 2 விநாடி டைமர் போடுங்க, வீடியோவில் முதல் சில விநாடிகளை எடிட்டில் வெட்டிடுங்க.

பீச்சுக்கு எடுத்துட்டுப் போறீங்கன்னா மணலில் நேரடியா நிக்க வைக்காதீங்க. 'தூசி, ஈரம் தாங்கும் வடிவமைப்பு' என்று சோனி சொல்றது, தண்ணியில் முக்கலாம்னு அர்த்தம் இல்லை. கால் மூட்டுக்குள் மணல் போனா, மூடும்போது நறநறன்னு சத்தம் வரும், அப்புறம் இறுக்கமே நிக்காது. அடியில் ஒரு செருப்பையாவது போடுங்க. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில் நனைச்சுப் பிழிஞ்ச துணியால் துடைச்சிடுங்க, உப்பு தங்கக் கூடாது.

எங்கே விரிக்கலாம், எங்கே கூடாது?

மாமல்லபுரம், தஞ்சாவூர் மாதிரி தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களில் ட்ரைபாட் பயன்படுத்த முன்அனுமதி வேணும். 'இது சின்னதுதானே' என்ற வாதம் காவலாளியிடம் எடுபடாது. கையில் கிரிப்பா மட்டும் பிடிச்சுக்கோங்க, காலை விரிக்காதீங்க. கோயில்களில் இன்னும் கவனம் வேணும். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதிலிருந்து வாசலிலேயே கெடுபிடி அதிகம். கேமராவை உள்ளே கொண்டுபோகலாமான்னு முதலிலேயே விசாரிச்சுட்டுப் போங்க.

தண்டவாளத்தில் கேமராவை வெச்சு ரயில் வர்றதை எடுக்க இந்தக் குட்டி ட்ரைபாட் வசதியாத்தான் இருக்கும். எடுக்காதீங்க. ரயில்வே சட்டம் 1989-ன் 147-வது பிரிவின்படி அத்துமீறி நுழைஞ்சா 6 மாதம் வரை சிறை, இல்லைன்னா 1,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். ஓடுற ரயிலின் கதவோரம் நின்னு கிரிப்பை வெளியே நீட்டுறதும் வேணவே வேணாம். கைக்கு மேல் இன்னொரு சாண் நீளுது என்பதை ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டு இருக்கும் மூளை மறந்துடும், சிக்னல் கம்பம் மறக்காது.

செகண்ட் ஹேண்டில் வாங்குறவங்களுக்குக் கடைசியா ஒரு செக்கப். உங்க கேமராவையே கையோடு எடுத்துட்டுப் போய், அங்கேயே பேரிங் போட்டுப் பாருங்க. தலையைச் சாய்ச்சு, கேமரா மாட்டின நிலையில் ரெண்டு நிமிஷம் அப்படியே விடுங்க. தானா இறங்கினா உள்ளே தேய்ஞ்சிருக்கு. மூணு காலையும் பத்துத் தடவை விரிச்சு மூடுங்க, மூணுக்கும் ஒரே இறுக்கம் இருக்கணும். பேட்டரி அறையைத் திறந்தா பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருக்கக் கூடாது. பூத்திருந்தா, எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் வாங்காம வந்துடுங்க.